மேசைகளில் எதுவும் தங்காத அலுவலகம்

2019 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. வருமான வரி விபரத்திரட்டுகளைச் சமர்ப்பிக்கும் இறுதி நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. எங்கள் கணக்காய்வு நிறுவனம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அன்று காலை எட்டரை மணிக்கு முதலில் வந்த கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் தமது கணினியைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என்ர கோப்புகளின்ர பேரெல்லாம் மாறிக் கிடக்குது, ஒண்டும் திறக்குதில்லை" என்றார். நான் அவருடைய மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று ஆங்கிலத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலைதான் எங்களை, மேசையில் எந்தத் தரவையும் வைக்காத தின் கிளையண்ட் என்ற சிறு பெட்டிகளுக்குக் கொண்டுபோனது.

கணினிப் பொறுப்பு என்னுடையது. ஆகவே அந்த நாளுக்கு இட்டுச் சென்ற தவறுகளில் பெரும்பகுதியும் என்னுடையவையே. எங்களிடம் 22 கணினிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 இல் இயங்கின. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரிந்தும் நான் ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரும் தமது கணினியில், எதையும் நிறுவவும் மாற்றவும் விடும் நிர்வாகி உரிமையுடன் வேலை செய்தார்கள். கணக்கியல் மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்று அந்த உரிமை இல்லாமல் இயங்க மறுத்தபோது, மாற்றுவழி தேடுவதைவிட எல்லோருக்கும் உரிமையைக் கொடுத்துவிடுவது எனக்கு இலகுவாக இருந்தது. எல்லோருக்கும் பொதுவான மையக் கணினி, அதாவது சேர்வர், என்று நாங்கள் அழைத்தது மூலையில் இருந்த இன்னொரு மேசைக் கணினியைத்தான். அதில் இருந்த பகிர்வுக் கோப்புறையில் எல்லோரும் எழுதலாம், எல்லோரும் அழிக்கலாம். காப்புப் பிரதிக்கென்று ஒரு வெளி வன்வட்டும் வாங்கி வைத்திருந்தோம். அது இரவு பகலாக அதே கணினியில் செருகப்பட்டே இருந்ததால், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் அந்தத் தீநிரல் அதையும் மற்றக் கோப்புறைகளைப் போலவே கண்டு, அதிலிருந்த பிரதிகளையும் பூட்டிவிட்டது.

தீநிரல் உள்ளே வந்த வழி ஒரு பென் டிரைவ். கணக்காய்வுப் பயிலுநர்கள் நாள் முழுவதும் வாடிக்கையாளர்களின் இடங்களில் வேலை செய்துவிட்டு, அங்குள்ள பேரேடுகளையும் வங்கிக் கூற்றுகளையும் பென் டிரைவில் கொண்டுவருவது எங்கள் தொழிலில் அன்றாட வழக்கம். புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றின் கணினியிலிருந்து வந்த பென் டிரைவில் உண்மையான கோப்புறைகள் மறைக்கப்பட்டு, அவற்றின் பெயர்களிலேயே குறுக்குவழிகள் வைக்கப்பட்டிருந்தன. பயிலுநர் தம்பி கோப்புறையைத் திறப்பதாக நினைத்து அதைச் சொடுக்கினார். நிர்வாகி உரிமையுடன் இருந்த அவருடைய கணினியில் அந்த நிரல் தடையின்றி ஓடியது. அவரை யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று அன்றே நான் பங்குதாரர்களிடம் சொன்னேன். ஒருவருடைய ஒரு சொடுக்கில் ஒரு நிறுவனத்தின் கோப்புகள் அனைத்தும் பூட்டப்படுமானால், பிழை அந்த ஒழுங்கமைப்பை அமைத்தவரிடம் இருக்கிறது.

பணம் கொடுப்பதில்லை என்று மூத்த பங்குதாரர் ஒரே பேச்சில் முடிவெடுத்தார். ஆகஸ்ட் மாதத்தில் வீட்டில் வேலை செய்வதற்காக அவர் பிரதி எடுத்துச் சென்ற வன்வட்டு ஒன்று தெமட்டகொடையில் அவருடைய அலுமாரிக்குள் இருந்தது. அதுவே எங்களைக் காப்பாற்றியது. செப்டெம்பர் முதல் நவம்பர் வரையான வேலையை அச்சிட்ட தாள்களிலிருந்தும், வாடிக்கையாளர்களிடம் மீண்டும் கேட்டு வாங்கியவற்றிலிருந்தும் திரும்பத் தட்டச்சு செய்தோம். செட்டியார் தெருவில் உள்ள ஒரு நகைக்கடை முதலாளி, தம்முடைய இருப்புக் கணக்கு எங்களிடமிருந்து வெளியே போய்விட்டதா என்று தொலைபேசியில் மூன்று முறை கேட்டார். அந்தக் கேள்விக்கு உறுதியாக 'இல்லை' என்று சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. இழந்த வேலையைவிட அந்த மௌனமே எனக்கு அதிகம் உறைத்தது.

டிசம்பர் மாதத்தில் ஒரு தாளை எடுத்து, எங்கள் வாடிக்கையாளர்களின் தரவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதிப் பார்த்தேன். 22 வன்வட்டுகள், ஏழு மடிக்கணினிகள், எத்தனை என்று யாருக்கும் தெரியாத பென் டிரைவுகள், சிலருடைய சொந்த மின்னஞ்சல் பெட்டிகள். அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு நிறுவனத்தின் முழுச் சம்பளப் பட்டியல் இருந்த பென் டிரைவை ஒரு பயிலுநர் 100 ஆம் இலக்கப் பஸ்ஸில் தவறவிட்டிருந்தார் என்பதும் அந்தக் கணக்கெடுப்பின்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இத்தனை இடங்களையும் தனியொருவர் காவல் காக்க முடியாது. காக்க வேண்டிய இடங்களைக் குறைப்பதே வழி என்று அப்போது தெளிந்தேன். தரவு ஓரிடத்தில் இருக்க வேண்டும். மேசையில் இருக்கும் பொருளுக்குச் சொந்தமாக ஒன்றும் இருக்கக்கூடாது.

தின் கிளையண்ட் என்பது அந்த எண்ணத்துக்கு ஏற்ற கருவி. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய பெட்டி. அதில் திரை, விசைப்பலகை, மவுஸ், வலையமைப்புக் கம்பி ஆகியவை இணைக்கப்படும். நிரல்கள் ஓடுவதும் கோப்புகள் இருப்பதும் சேர்வரில். பெட்டிக்கு வருவது திரையின் படம் மட்டும். அதிலிருந்து போவது விசைகளின் தட்டலும் மவுஸின் அசைவும் மட்டும். இது புதிய கருத்து அன்று. பெரிய மையக் கணினியுடன் முனையங்களை இணைத்து வேலை செய்த காலம் தனிக் கணினிக்கு முந்தியது. மைக்ரோசொஃப்ட் 1998 இல் விண்டோஸ் என்டி 4.0 இன் டெர்மினல் சேர்வர் பதிப்பை வெளியிட்டது; லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் எல்டிஎஸ்பி திட்டம் 1999 இல் தொடங்கியது. எனவே சோதித்துப் பார்க்கப்படாத ஒன்றை நம்பி இறங்குகிறோமோ என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. எங்கள் மனிதர்கள் இதை ஏற்பார்களா என்ற பயமே இருந்தது.

2020 ஜனவரியில் வேலையைத் தொடங்கினோம். கணக்கியல் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், சேர்வரில் ஓடும் மேசைத்தளத்தைத் தொலைவிலுள்ள திரைகளுக்கு அனுப்பும், விண்டோஸ் சேர்வரின் தொலைமேசைச் சேவையைத் தேர்ந்தெடுத்தோம். பௌதிகமாக வாங்கியது ஒரே ஒரு நல்ல சேர்வர். ஆனால் அதனுள் மெய்நிகர் இயந்திரங்களாக, அதாவது மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகளாக, நான்கைப் பிரித்தேன். பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் நிர்வகிப்பது ஒன்று, கோப்புகள் இருப்பது ஒன்று, பணியாளர்கள் உள்நுழைந்து வேலை செய்வதற்கு இரண்டு. இந்தப் பிரிப்பைச் செலவு மிச்சப்படுத்துவதற்காகக் கைவிட வேண்டாம் என்று இதைச் செய்ய நினைக்கும் எவரையும் கேட்டுக்கொள்வேன். இருபது பேர் உலாவியும் மின்னஞ்சலும் திறந்து வேலை செய்யும் இயந்திரமே எல்லாப் பயனர் கணக்குகளுக்கும் சாவி வைத்திருக்கும் இயந்திரமாகவும் இருந்தால், அங்கே நுழைந்துவிடுபவருக்கு முழு நிறுவனமும் கிடைத்துவிடும். பணியாளர்களுக்கான இயந்திரங்களை இரண்டாக வைத்ததன் பயன் பின்னர் தெரிந்தது. மைக்ரோசொஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. அந்த வார இறுதியில் ஓர் இயந்திரத்தில் அவற்றை நிறுவி, அவசரமாக வந்து வேலை செய்பவர்களை மற்றதற்கு அனுப்புவேன். நீண்ட நேரம் எடுக்கும் பெரிய வேலைகளைப் பௌர்ணமி நாளான போயா விடுமுறைகளுக்கு வைத்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு முறை அலுவலகம் முழுவதும் மூடியிருக்கும் நாள் கிடைப்பது எங்கள் நாட்டில் கணினிப் பொறுப்பாளர்களுக்கு வாய்த்த ஒரு நன்மை.

புதிய தின் கிளையண்டுகள் பத்தை மட்டும் வாங்கினோம். மற்றப் பன்னிரண்டு மேசைகளிலும் பழைய கணினிகளையே வைத்து, அவற்றின் வன்வட்டுகளைக் கழற்றிவிட்டு, வலையமைப்பு வழியாக ஒரு சிறு லினக்ஸை ஏற்றித் தொடங்கும்படி செய்தேன். காலையில் ஆளியைப் போட்டால் அந்தக் கணினி சேர்வரிடம் கேட்டுத் தன் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், உள்நுழைவுத் திரையைக் காட்டும். மாலையில் அணைத்தால் எல்லாம் மறைந்துவிடும். அதில் எதையாவது ஒட்டிவைக்க நினைக்கும் தீநிரலுக்கு ஒட்ட இடமே இல்லை. கழற்றிய வன்வட்டுகளை விற்கவில்லை. தரவுகளை முழுமையாக மேலெழுதி அழித்தபின் துளையிட்டுத்தான் அகற்றினோம்.

இதில் ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். தின் கிளையண்டை வைத்தவுடன் பாதுகாப்பு வந்துவிடாது. பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு, சேர்வரில் எல்லோருக்கும் பழையபடி எல்லா உரிமைகளையும் கொடுத்திருந்தால், 22 இடங்களில் பரவ வேண்டிய தீநிரலுக்கு ஒரே இடத்தில் வசதியாக வேலை செய்ய வழி அமைத்துக் கொடுத்திருப்போம். உண்மையான பாதுகாப்பு மூன்று தீர்மானங்களிலிருந்து வந்தது. அவற்றை ஓரிடத்தில் மட்டும் செய்தால் போதும் என்ற நிலையை மையச் சேர்வர் உருவாக்கித் தந்தது.

முதலாவது, யாருக்கும் நிர்வாகி உரிமை இல்லை. அந்தக் கணக்கியல் மென்பொருள் எந்தக் கோப்புறையில் எழுத முயன்று தோற்கிறது என்று இரண்டு நாட்கள் உட்கார்ந்து பார்த்து, அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் அனுமதி கொடுத்தவுடன் அது ஒழுங்காக ஓடியது. பல ஆண்டுகளாக முழு நிறுவனத்தையும் திறந்து போட்டிருந்ததற்குக் காரணமாக நான் சொல்லிவந்த பிரச்சினை இரண்டு நாள் வேலைக்குள் தீர்ந்துபோனது. இரண்டாவது, நிறுவப்பட்ட நிரல்களின் கோப்புறைகளிலிருந்து மட்டுமே நிரல்கள் ஓடலாம். பயனர் எழுதக்கூடிய எந்த இடத்திலிருந்தும், அதாவது பதிவிறக்கங்கள், மேசைத்தளம், தற்காலிகக் கோப்புறை ஆகியவற்றிலிருந்து, எதுவும் ஓடக்கூடாது. விண்டோஸில் ஆப்லொக்கர் என்ற வசதி இதைச் செய்கிறது. மின்னஞ்சலில் வந்த நிரலை ஒருவர் அறியாமல் சொடுக்கினாலும், 'இந்த நிரல் தடுக்கப்பட்டுள்ளது' என்ற செய்தி மட்டும் வரும். மூன்றாவது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கோப்புறை, அந்த வேலையில் இருக்கும் குழுவினருக்கு மட்டும் அதில் அனுமதி. வேலை முடிந்து கையொப்பமானதும் அந்தக் கோப்புறை வாசிக்க மட்டும் உரியதாகிவிடும். பணம் பறிக்கும் தீநிரல் அது ஓடும் பயனரின் உரிமைகளைக் கொண்டே கோப்புகளைப் பூட்டுகிறது. ஒரு பயிலுநரால் நான்கு வாடிக்கையாளர்களின் கோப்புகளில் மட்டுமே எழுத முடியுமானால், மிக மோசமான நாளிலும் இழப்பு அந்த நான்குடன் நின்றுவிடும்.

பென் டிரைவை ஒழிக்க முடியவில்லை. அதை ஒழிக்கலாம் என்று சொல்பவர் புறக்கோட்டைக் கடைகளில் கணக்காய்வு செய்யாதவராக இருக்க வேண்டும். மேசைகளில் உள்ள பெட்டிகள் எதுவும் பென் டிரைவை ஏற்காதபடி செய்துவிட்டு, வரவேற்பறைக்குப் பக்கத்தில் ஒரேயொரு கணினியை வைத்தோம். அது லினக்ஸில் இயங்குவது, தனி வலையமைப்பில் இருப்பது. பயிலுநர் அங்கே பென் டிரைவைச் செருகித் தமக்கு வேண்டிய விரிதாள்களையும் பீடிஎஃப் கோப்புகளையும் மட்டும் தெரிவுசெய்தால், அவை நச்சுநிரல் சோதனைக்குப் பின் சேர்வரில் உள்ள வரவுப் பெட்டிக்குப் போகும். குறுக்குவழிகளும் நிரல்களும் அந்த வழியால் போகவே மாட்டா. முதல் மாதத்தில் இது தாமதம் என்று எல்லோரும் முறையிட்டார்கள். பின்னர் பாதிப் பேர், வாடிக்கையாளரிடமே 'கோப்பைப் பாதுகாப்பான இணைப்பில் ஏற்றிவிடுங்கள்' என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

நான் பயந்தது போல மனிதர்களை இணங்கவைப்பது கடினமாகத்தான் இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடங்களில் அல்ல. முதலில் என்னைக் கூப்பிட்ட அந்த அக்கா முப்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவர். "உந்தச் சின்னப் பெட்டிக்குள்ள என்ர வேலையெல்லாம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அவரைச் சேர்வர் அறைக்கு அழைத்துச் சென்று, அவருடைய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டினேன். பிறகு அவருடைய மேசையில் பாதி தட்டச்சு செய்யப்பட்டிருந்த கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு மேசைக்குப் போய் உள்நுழையச் சொன்னேன். அதே கடிதம், அதே வரியில், இடங்காட்டி மின்னிக்கொண்டிருந்த அதே இடத்தில் அங்கே திறந்தது. அதன்பின் அவரே மற்றவர்களுக்கு இதைச் செய்து காட்டத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த இன்னொரு நிம்மதி, யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துரு தொடர்பானது. எங்கள் தமிழ்க் கடிதங்களில் பல இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கணினியிலும் அதன் ஒவ்வொரு பதிப்பு இருந்ததால் ஓரிடத்தில் சரியாகத் தெரிந்தது இன்னோரிடத்தில் குலைந்து அச்சானது. இப்போது எழுத்துரு சேர்வரில் ஒன்றே ஒன்று. புதிய கடிதங்களை யுனிகோடில் எழுதுவதற்கான ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும் ஒரே முறை நிறுவினேன்; எல்லா மேசைகளுக்கும் போய்விட்டது.

கடினம் மேலிருந்து வந்தது. பங்குதாரர் ஒருவர் தமக்கு மட்டும் நிர்வாகி உரிமையும், பென் டிரைவ் அனுமதியும், எல்லா வாடிக்கையாளர் கோப்புறைகளிலும் எழுதும் உரிமையும் வேண்டும் என்றார். "சேர், உங்கட பேரிலதான் எல்லாரும் பொய் மின்னஞ்சல் அனுப்புவினம். ஆகவே எல்லாரிலயும் குறைஞ்ச உரிமை உங்களுக்குத்தான் இருக்கவேணும்" என்று சொன்னேன். சில நாட்கள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. பின்னர் வாசிக்கும் உரிமையுடன் ஒத்துக்கொண்டார். என்னுடைய அன்றாடக் கணக்கிலிருந்தும் நிர்வாகி உரிமையை நீக்கி, நிர்வாக வேலைக்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டேன். தமக்கு விலக்குக் கேட்பவரிடம் மறுப்புச் சொல்பவருக்கு விலக்கு இருக்கக்கூடாது.

உரிமங்களைப் பற்றிப் பேசாமல் விடக்கூடாது. தொலைமேசைச் சேவைக்கு விண்டோஸ் சேர்வரின் உரிமத்துக்கு மேலதிகமாக, ஆளுக்கோ கருவிக்கோ தனி உரிமம் வேண்டும். அதை இடாமல் 120 நாட்கள் வரை வேலை செய்யும்; அதன்பின் இணைப்பு மறுக்கப்படும். கடைகளில் தனிக் கணினிக்கென விற்கப்படும் ஒஃபிஸ் பதிப்பை இவ்வகைச் சேர்வரில் பயன்படுத்த முடியாது. அதற்கேற்ற உரிமத்தை வாங்க வேண்டும். எங்கள் முதல் செலவுத் திட்டத்தில் இந்த இரண்டையும் நான் குறைத்தே மதிப்பிட்டிருந்தேன். பின்னர், கடிதம் எழுதுவதும் வாசிப்பதும் மட்டுமே வேலையாக உள்ள ஏழு பேரை இலவச மென்பொருளான லிப்ரெ ஒஃபிஸுக்கு மாற்றித்தான் கணக்கைச் சரிக்கட்டினோம். களவு மென்பொருளை வைத்துப் பாதுகாப்பைக் கட்ட முடியாது. உரிமப் பூட்டை உடைக்க அதனுடன் வரும் திறப்பு நிரல்களே பல இடங்களில் தீநிரலைக் கொண்டுவருகின்றன.

எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் அந்த ஓரிடம் விழும்போது எல்லோரும் விழுவார்கள். இதை நான் படித்திருந்தேன். ஆனால் உணர்ந்தது அந்த ஆண்டு ஒக்டோபரில், இடைப்பருவ மழைக் காலத்து மின்னலில், எல்லா மேசைகளையும் சேர்வருடன் இணைக்கும் வலையமைப்பு ஸ்விட்ச் எரிந்துபோனபோதுதான். சேர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் 22 திரைகளும் கறுத்துப்போயின. பம்பலப்பிட்டியில் மாற்று ஸ்விட்ச் வாங்கிக் கொண்டுவந்து பொருத்தும்வரை மூன்று மணித்தியாலங்கள் அலுவலகம் முழுவதும் கை கட்டி நின்றது. தனிக் கணினிகள் இருந்த காலத்தில் அவரவர் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். அன்று மாலையே, அமைப்புகள் ஏற்றப்பட்ட இரண்டாவது ஸ்விட்ச் ஒன்றை வாங்கி அலுமாரியில் வைத்தோம். சேர்வருக்கு மாற்று மின்வழங்கியையும் வன்வட்டுகளையும் அதன் பக்கத்தில் வைத்தோம். சேர்வர் அறையும் இதே போன்ற கவனத்தைக் கேட்டது. கடலிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கிறது. யன்னல் இல்லாத உள் அறை ஒன்றைத் தேர்ந்து, குளிரூட்டி, பூட்டு, தரையிலிருந்து உயர்த்திய இரும்புச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின்னரே சேர்வரை அங்கே மாற்றினோம்.

கதையைச் சற்றுப் பின்னால் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் மின்னலுக்கு முன்பே பெரிய சோதனை ஒன்று வந்துவிட்டது. 2020 மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்கு அமுலானது. புதிய அமைப்புக்கு அப்போது இரண்டு மாதங்கள்கூட நிறையவில்லை. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும். மிக எளிய வழி, தொலைமேசைச் சேவைக்கான இணைப்புகள் வந்து சேரும் 3389 ஆம் இலக்க வாயிலை (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவிடுவது. அப்படிச் செய்துவிடும்படி இரண்டு நண்பர்கள் அறிவுரை சொன்னார்கள். அந்த வாயிலை இணையத்தில் தேடித் தேடிக் கடவுச்சொற்களைப் பரீட்சிக்கும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2019 மே மாதத்தில்தான் பழைய விண்டோஸ் பதிப்புகளின் தொலைமேசைச் சேவையில் புளூகீப் எனப்படும் ஓட்டை வெளிப்பட்டு, மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பீக்குக்கூடத் திருத்தம் வெளியிட்டிருந்தது. ஆகவே வாயிலைத் திறக்கவில்லை. ஓபன்விபிஎன் மூலம் ஒரு மறைகுறியீட்டுச் சுரங்கவழியை அமைத்து, கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசியில் மாறிக்கொண்டிருக்கும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கும்படி செய்தேன். வீட்டுக் கணினியிலிருந்து கோப்புகளைப் பிரதி செய்வதையும், அதன் வட்டுகள் சேர்வரில் தெரிவதையும் அணைத்துவிட்டேன். பிள்ளைகள் விளையாடும் கணினியிலிருந்து ஒருவர் உள்நுழைந்தாலும், அந்தக் கணினியில் உள்ள கோப்புகளுக்குச் சேர்வருக்குள் வழியில்லை. அந்தக் கணினியே பாதிக்கப்பட்டிருந்தால் திரையையும் விசைகளையும் அது வேவு பார்க்கலாம் என்பதால், முக்கியமான பொறுப்புகளில் இருந்தவர்களுக்கு அலுவலகத் தின் கிளையண்டுகளையே வீட்டுக்கு அனுப்பினோம். காணொளிக் கூட்டங்கள் மட்டும் சேர்வர் வழியாகச் சரிவரவில்லை. படமும் குரலும் திணறின. அவற்றுக்குத் தனியாக மடிக்கணினியையோ கைத்தொலைபேசியையோ பயன்படுத்தும்படி விட்டுவிட்டேன்.

2022 இல் மின்வெட்டு வந்தது. மார்ச் இறுதியில் அது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள்வரை நீண்டது. அப்போதுதான் எங்கள் பத்துப் புதிய பெட்டிகளுக்கும் பழைய பன்னிரண்டு கணினிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மின்கலத்தில் கண்டோம். புதிய பெட்டி ஒன்று பத்து வோட் அளவில் மின்சாரத்தை எடுத்தது, பழைய கணினி அதைப்போல ஆறு ஏழு மடங்கு எடுத்தது. திரைகளைத் தவிர்த்துப் பார்த்தால், பழைய கணினி ஒன்றுக்குப் போதுமான மின்சாரத்தில் ஆறு பேர் வேலை செய்யலாம். மின்வெட்டு நேரங்களில் பழைய கணினிகளை மூடிவிட்டு, புதிய பெட்டிகளில் முறை வைத்து வேலை செய்தோம். யார் எங்கே உட்கார்ந்தாலும் தமது வேலை திறக்கும் என்பதால் இது இயன்றது. மின்சாரம் திடீரென நின்றாலும் சேர்வர் தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், எவருடைய கோப்பும் பாதியில் சிதையவில்லை. மற்றப் பன்னிரண்டையும் மாற்ற நினைத்தபோது, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 350 ரூபாவைத் தாண்டியிருந்தது. அதனால் ஆண்டுக்கு மூன்று நான்கு என்றுதான் மாற்ற முடிந்தது.

அதே மார்ச்சில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சம்பளப் பட்டியல், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கையாளும் எங்களைப் போன்றவர்களுக்கு, அந்தத் தரவு எங்கே இருக்கிறது, யார் தொட்டார்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது உருவாக்கியது. 2019 இல் நகைக்கடை முதலாளிக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற எனக்கு, இப்போது எந்தக் கோப்பை எந்த நேரத்தில் யார் திறந்தார் என்ற பதிவு ஒரே இடத்தில் கிடைக்கிறது.

காப்புப் பிரதியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. சேர்வரில் வட்டுகளை இரட்டையாக வைப்பது காப்புப் பிரதி ஆகாது. தீநிரல் பூட்டிய கோப்பை இரண்டாவது வட்டும் அப்படியே பூட்டிய நிலையில் வைத்துக்கொள்ளும். எங்களிடம் கோப்புகளின் நிலை மணிக்கொரு முறை பதிவாகிறது. தவறுதலாக அழித்ததை மீட்க அது போதும். இரவில் இன்னோர் அறையில் உள்ள வேறொரு கணினி, தானாகவே வந்து சேர்வரிலிருந்து பிரதியை இழுத்துக்கொள்கிறது. அந்தக் கணினியின் கடவுச்சொல் சேர்வருக்குத் தெரியாது. ஆகவே சேர்வரைக் கைப்பற்றியவருக்கும் அங்கே போக வழியில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வெளிவட்டுகளில் ஒன்று மறைகுறியாக்கப்பட்ட பிரதியுடன் வெளியே போகும், மற்றது உள்ளே வரும். 2023 இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் இழக்கப்பட்ட செய்தியை வாசித்தபோது என் வயிறு கலங்கியது. ஓரிடத்தில் சேர்த்து வைப்பதை மட்டும் செய்து, அந்தக் காலத்துக்குரிய பிரதியை வலையமைப்பிலிருந்து துண்டித்துத் தனியே வைக்காதபோது நடப்பது அதுவே. அடுத்த நாளே எங்கள் மீட்புப் பயிற்சியை ஆண்டுக்கு ஒன்றிலிருந்து நான்காக மாற்றினேன். முதல் பயிற்சியில், பிரதி எடுக்கப்பட்டும் கணக்கியல் மென்பொருளின் தரவுத்தளம் திறக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுத்ததால் பாதியாகப் பதிவாகியிருந்தது. திறந்து பார்க்காத பிரதியை நம்பி மாதக்கணக்கில் உறங்கியிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது முதலில் தரவுத்தளம் தன் பிரதியைத் தானே எழுதிவைக்கும். அதற்குப் பிறகே மற்றக் கணினி வந்து எடுத்துச் செல்லும்.

இத்தனைக்குப் பிறகும், ஏமாற்று மின்னஞ்சலை நம்பி ஒருவர் தமது வங்கிக் கடவுச்சொல்லைத் தாமே கொடுப்பதைத் தின் கிளையண்ட் தடுக்காது. ஒரு வாடிக்கையாளரின் விநியோகத்தர் பெயரில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று ஒரு மின்னஞ்சல் எங்களுக்கும் வந்தது. அதைத் தடுத்தது சேர்வர் அல்ல; கணக்கு மாற்றம் என்றால் ஏற்கெனவே எங்களிடம் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பது என்ற ஒரு வரி விதியும், அதைப் பின்பற்றிய பயிலுநர் தங்கச்சி ஒருவரும்தான்.

அண்மையில் கொட்டாஞ்சேனையில் ஐந்து பேருடன் இயங்கும் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தை நடத்துபவர், விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவதாக அறிவிக்கப்பட்டதால் எங்களைப் போல் சேர்வர் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஐந்து பேருக்குச் சேர்வரும், உரிமங்களும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் என்பது சுமை. கவனிக்க ஆளில்லாத மையச் சேர்வர் ஐந்து தனிக் கணினிகளைவிட ஆபத்தானது. அவருடைய கணினிகளில் நிர்வாகி உரிமையை நீக்குவதற்கும், பென் டிரைவுக்கு ஒரு கணினியை மட்டும் ஒதுக்குவதற்கும் ஒரு சனிக்கிழமை போய் உதவினேன். அவருடைய காப்பு வன்வட்டும், எங்களுடையது அன்று இருந்ததைப் போலவே, கணினியின் பின்னால் செருகப்பட்டிருந்தது. அதைக் கழற்றி அவருடைய கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வாங்கி வரும்படி சொன்னேன்.